கொற்கைக் கல்லும் குந்தா மலையும்: மணிக்கட்டுக் கணினி ஒன்றின் வரலாறு

நீலகிரியின் குந்தாவை அறிந்தோர்க்கு அது தேயிலைச் சரிவுகளும் சோலைக்காடுகளும் மஞ்சூரின் மூடுபனியும் கலந்த நிலம். படகர் மக்களின் நான்கு சீமைகளுள் ஒன்றான குந்தெ சீமை அது. கொழும்புத் திட்டத்தின்கீழ்க் கனடா அளித்த உதவியோடு 1950களின் பிற்பகுதியில் இங்கே அணைகளும் சுரங்கங்களும் எழுந்தன. அவலாஞ்சி, எமரால்டு, அப்பர் பவானி, குந்தாப் பாலம் என்று நீர்த்தேக்கங்கள் உருவாயின. அந்நீர் கெத்தை, பரளி, பில்லூர் என்று படிப்படியாக இறங்கி மின்சாரம் தந்துகொண்டிருக்கிறது.

இம்மலைக்கும், கடலடியில் முக்குளிப்போர் மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் டைவ் கம்ப்யூட்டருக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் வியக்கலாம். ஒரு டைவ் கம்ப்யூட்டரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்ற வினாவுக்கு விடை தேடிப் புறப்பட்டால், விலைப்பட்டியலில் கிடைக்காத ஒரு விடை குந்தாவின் உயரத்தில் கிடைக்கிறது. அதை எட்ட நாம் முதலில் மன்னார் வளைகுடாவில் இறங்க வேண்டும்.

ஒரு கல்லுக்கு இருவர்

கொற்கையின் முத்தைச் சங்கப் பாடல்கள் போற்றின. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ இங்கு நடந்த முத்துக்குளிப்பை விவரித்தார். பின்னர்ப் போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று ஆட்சிகள் மாறினாலும் குளிக்கும் முறை மாறவில்லை. கனமான கல்லில் கால் வைத்துக் குளியாள் இறங்குவார். அடியிலிருந்து கயிற்றை அசைத்ததும் படகிலிருப்பவர் இழுப்பார். ஒரு மூச்சுக்குக் கிடைப்பது ஏறத்தாழ ஒரு நிமிடம். கைதேர்ந்தவர்க்குச் சற்று மேலே. தூத்துக்குடிக் கடலில் இம்முறையிலான முத்துச் சலாபம் 1955 முதல் 1961 வரை நடந்த தொடரோடு நின்றது.

இம்முறையில் நம் கவனத்துக்குரிய வழக்கம் ஒன்று உண்டு. இலங்கைக் கரையின் சலாபங்களை நேரிற்கண்டு 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதியோர், ஒவ்வொரு கல்லுக்கும் இருவர் இருந்ததைக் குறித்துள்ளனர். ஒருவர் மூழ்கும்போது மற்றவர் படகோரம் இளைப்பாறுவார். பிறகு முறை மாறும். களைப்பாறுவதற்காக ஏற்பட்ட ஏற்பாடாகவே இதைக் கொள்ளலாம். ஆயினும் அந்த இளைப்பாறலுக்குள் இன்னொரு காப்பும் ஒளிந்திருந்தது என்பதைப் பசிபிக் பெருங்கடலின் துவாமோத்துத் தீவுகள் உணர்த்தின.

அத்தீவுகளின் முத்துச்சிப்பிக் குளியாட்கள் 30, 40 மீட்டர் ஆழத்துக்கு இறங்கி, இடைவெளி மிகக் குறைவாக விட்டு மணிக்கணக்கில் மீண்டும் மீண்டும் மூழ்கினர். மாலைக்குள் சிலருக்குத் தலைசுற்றலும் வாதமும் நினைவிழப்பும் வந்தன, சிலர் மாண்டனர். மக்கள் அதைத் 'தாரவானா' என்றனர். அமெரிக்க முக்குளிப்பு வல்லுநர் ஈ. ஆர். கிராஸ் 1965இல் இதைப் பற்றி எழுதியபோது ஓர் ஒப்பீட்டையும் தந்தார். மங்கரேவாத் தீவின் குளியாட்கள் ஒவ்வொரு மூழ்கலுக்கும் இடையே 12 முதல் 15 நிமிடம் மேலே தங்கினர்; அங்கே தாரவானா இல்லை. ஆழமும் நேரமும் மட்டுமன்றி, மேலே கழிக்கும் பொழுதும் கணக்கில் சேர்ந்தது. கிராஸின் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மலையிலும் அவரைச் சந்திப்போம்.

ஆடுகள் எழுதிய அட்டவணை

மூச்சடக்கி மூழ்குபவர் மேலிருந்து கொண்டுபோன ஒரு மூச்சுக் காற்றோடு இறங்குகிறார். குழாய் வழியாகவோ உருளையிலிருந்தோ காற்றைச் சுவாசிப்பவர், அந்த ஆழத்தின் அழுத்தத்திலேயே மூச்சுக்கு மூச்சு காற்றை உள்ளிழுக்கிறார். அதன் பெரும்பகுதியான நைட்ரஜன் இரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்து சேர்கிறது. மெதுவாக மேலேறினால் அது நுரையீரல் வழியே வெளியேறிவிடும். விரைந்து ஏறினால், சோடாப் புட்டியைத் திறந்தாற்போல் உடலுக்குள்ளேயே குமிழிகள் தோன்றும். மூட்டுவலி முதல் முதுகுத்தண்டுச் செயலிழப்பு வரை கொண்டுவரும் இதுவே அழுத்தத் தணிவு நோய். நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்துக்கு ஆற்றடியில் அடித்தளம் இட்ட தொழிலாளர்கள் 1870களின் தொடக்கத்தில் இதற்கு இரையாயினர். தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங்கே இதனால் முடங்கினார். நைட்ரஜன் குமிழியே காரணம் என்பதைப் பிரெஞ்சு அறிஞர் பால் பேர் 1878இல் நிறுவினார்.

தப்பும் வழியைக் கணக்காக்கியவர் ஜான் ஸ்காட் ஹால்டேன். பிரித்தானியக் கடற்படைக்காக ஆடுகளை அழுத்த அறையில் வைத்துச் சோதித்து, பாய்காட், டேமன்ட் ஆகிய இருவரோடு சேர்ந்து 1908இல் முடிவுகளை வெளியிட்டார். உடலை ஒரே பொருளாகக் கொள்ளாமல், நைட்ரஜனை வேகமாகவும் மெதுவாகவும் ஏற்கும் ஐந்து 'திசு'க்களாக அவர் பகுத்தார். ஒவ்வொன்றும் பாதி நிறைய ஆகும் நேரம் 5, 10, 20, 40, 75 நிமிடங்கள். சூழலின் அழுத்தம் எந்த விகிதத்துக்குமேல் திடீரெனக் குறையலாகாது என்பதற்கும் ஓர் எல்லை வகுத்தார். இந்த ஐந்தும் உண்மையான உறுப்புகளல்ல. கணக்குக்காகப் படைத்துக்கொண்ட ஐந்து பெட்டிகள். இன்று விற்கும் ஒவ்வொரு டைவ் கம்ப்யூட்டரும் ஏதோ ஒருவகையில் இப்பெட்டிகளின் வழித்தோன்றலே.

ஹால்டேனின் மகன் ஜே. பி. எஸ். ஹால்டேன் 1906இல், தம் 13ஆம் வயதிலேயே, தந்தையின் ஆய்வுக்காக ஸ்காட்லாந்துக் கடலில் பொருந்தாத முக்குளிப்பு உடையோடு இறக்கப்பட்டார். உடைக்குள் நீர் புகுந்தும் அஞ்சாமல் மேலே வந்தார். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் தம் உடலையே அழுத்த அறையில் சோதனைக்கு உட்படுத்தினார். 1957இல் இந்தியாவுக்குக் குடிபெயர்ந்து, 1964இல் புவனேசுவரத்தில் காலமானார். முக்குளிப்புக் கணக்கின் முதற்குடும்பத்துக்கும் நம் நாட்டுக்கும் உள்ள உறவு இது.

அட்டவணையிலிருந்து எந்திரத்துக்கு

1943இல் கூஸ்தோவும் கான்யானும் உருவாக்கிய 'அக்வாலங்' கருவியால், உருளையைச் சுமந்து தன்னிச்சையாக நீந்துவது எளிதாயிற்று. அதற்குமுன் படகிலிருப்போர் கடிகாரத்தையும் அட்டவணையையும் வைத்துக்கொண்டு கணக்குப் பார்த்தனர்; இப்போது கணக்கும் நீந்துபவரின் தலையில் ஏறியது. அமெரிக்கக் கடற்படையின் 1956ஆம் ஆண்டு அட்டவணை பல பத்தாண்டுகள் பொழுதுபோக்கு முக்குளிப்போருக்கும் வழிகாட்டியது. அதன் குறை எளியது. முழுநேரமும் மிக ஆழமான புள்ளியிலேயே இருந்ததாகக் கொண்டு அது கணக்கிடும். 30 மீட்டரில் இரண்டு நிமிடமும் 12 மீட்டரில் இருபது நிமிடமும் கழித்தவர்க்கு இது பொருந்தாத சட்டை.

1959இல் இத்தாலியில் கார்லோ அலினாரி அமைத்த கருவியில், சுட்டமண் அடைப்பு ஒன்றின் நுண்துளைகள் வழியே வாயு மெல்லக் கசிந்து முள்ளை நகர்த்தும். உடலின் கசிவைப் போலச் செய்ய முயன்ற அக்கருவிக்கு ஒரே ஒரு திசுதான். 1962 அளவில் கனடாவின் கிட், ஸ்டப்ஸ் என்னும் இருவர் நான்கு திசுக்களைக் கொண்ட காற்றியக்கக் கணிப்பானை ஆக்கினர். கனடியப் பொறியாளர்கள் குந்தாவில் நீரழுத்தத்தை மின்சாரமாக்கத் துணைநின்ற அதே காலம் அது.

1983இல் ஹான்ஸ் ஹாஸின் பெயர் தாங்கிய 'டெகோபிரெய்ன்' ஐரோப்பாவிலும், 'எட்ஜ்' அமெரிக்காவிலும் வெளிவந்தன. மின்னணுக் கணினி கைக்கு வந்தது. சில நொடிகளுக்கு ஒருமுறை ஆழத்தை அளந்து, ஒவ்வொரு திசுப்பெட்டியின் நிலையையும் புதுக்கி, இன்னும் எத்தனை நிமிடம் தங்கலாம் என்று அது சொல்லிற்று. மேலே கழித்த பொழுதையும் சேர்த்தே கணக்கிட்டது.

மலையேரி கற்பித்த பாடம்

இக்கணினிகளுள் பலவற்றின் உள்ளே இன்றும் இயங்குவது சூரிச் நகர மருத்துவர் ஆல்பர்ட் பியூல்மானின் கணக்கு. 1983இல் நூலாக வெளிவந்த அவருடைய முறை, பின்னர் 16 திசுப்பெட்டிகளாக நிலைபெற்றது. சுவிட்சர்லாந்துக்குக் கடல் இல்லை. அந்நாட்டு முக்குளிப்போர் மலையேரிகளில் இறங்கினர்; அங்கே கடற்படை அட்டவணை பொய்த்தது. ஆதலால் மேலே உள்ள காற்றின் அழுத்தம் எவ்வளவு என்ற கேள்வியைப் பியூல்மான் தம் கணக்கின் அடிப்படையிலேயே வைத்தார். நாம் முன்பு சந்தித்த கிராஸும் 1960களின் பிற்பகுதியில், கடல் அட்டவணையை உயரத்துக்கு ஏற்பத் திருத்தும் எளிய முறையை வெளியிட்டிருந்தார்.

அம்முறையை நம் மண்ணில் பொருத்திப் பார்ப்போம். 1991இல் தேசியக் கடலியல் நிறுவனத்தார் பூம்புகார்க் கடலில், 23 மீட்டர் ஆழத்தில், குதிரைலாட வடிவில் அமைந்த ஒன்றைக் கண்டனர். அந்த ஆழத்தில் முதன்முறையாக மூழ்குபவர், இடைநிறுத்தக் கட்டாயமின்றி மேலேறத் தங்கக்கூடிய உச்சநேரம், பாடி அமைப்பின் 1988ஆம் ஆண்டு அட்டவணைப்படி 29 நிமிடம். பழைய கடற்படை அட்டவணையோ 40 நிமிடம் தந்தது.

அதே 23 மீட்டர் ஆழம் அவலாஞ்சியில் இருப்பதாகக் கொள்வோம். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2000 மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம், கடற்கரையில் உள்ளதில் நூற்றுக்கு 79 பங்குதான். 23ஐ 0.79ஆல் வகுத்தால் 29 வரும். நன்னீரின் அடர்த்தி குறைவு என்பதைச் சேர்த்தாலும் அட்டவணையில் 30 மீட்டர் வரிசைக்கே செல்ல வேண்டும். அங்கே எழுதியிருப்பது 20 நிமிடம். மேற்பரப்பின் அழுத்தம் தாழ்ந்திருப்பதால், ஏறும்போது நேரும் அழுத்தச் சரிவின் விகிதம் பெரிதாகிறது. ஆழம் ஒன்றே, ஆயினும் ஒன்பது நிமிடம் காணாமற்போயிற்று. அந்த ஒன்பது நிமிடத்தை அறியாத கருவியை அணிந்தவர், அறியாமலேயே எல்லை கடப்பார்.

குந்தாவின் நீர்த்தேக்கங்கள் பொழுதுபோக்காக மூழ்குவதற்குரியவை அல்ல என்பதைச் சொல்லிவிட வேண்டும். அவை மின்வாரியத்தின் பணியிடங்கள். நீர் உள்வாங்கும் வாய்களின் அருகே மூழ்குவது உயிருக்கு உலை. ஆயினும் முக்குளிக்காமலேயே குந்தா நம்மைத் தொடும் வழி ஒன்று உண்டு.

விமானத்தில் ஏறாமலே பறப்பவர்கள்

முக்குளித்தபின் விமானம் ஏறுமுன் காத்திருக்க வேண்டும் என்பது பயிற்சியில் முதலிலேயே சொல்லப்படும். இடைநிறுத்தக் கட்டாயமில்லாத ஒரே மூழ்கலுக்குப்பின் குறைந்தது 12 மணிநேரம். ஒரே நாளில் பல மூழ்கல்களோ பல நாள் தொடர்ச்சியோ இருந்தால் 18. இடைநிறுத்தம் தேவைப்பட்ட மூழ்கல்களுக்கு அதனினும் கணிசமாக மிகுதி. விமான அறையின் அழுத்தம் 2400 மீட்டர் வரையான மலையுயரத்துக்குச் சமமாக இறங்கலாம் என்பதே இவ்விதியின் காரணம்.

உதகையின் உயரம் 2240 மீட்டர். அப்பர் பவானியும் 2200 மீட்டருக்கு மேற்பட்டது. காலையில் இராமேசுவரத்தில் மூழ்கியவர், காரமடை வழியே காரில் புறப்பட்டு, கெத்தையின் 43 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து இரவே மஞ்சூரில் உறங்கலாம். அவர் எந்த விமானத்திலும் ஏறவில்லை. ஆயினும் அவர் உடல் பறந்திருக்கிறது. கணினித் திரையில் தெரியும் சிறு விமானச் சின்னம் மறையும்வரை மலைப்பாதையும் தடைதான். அந்தமானிலிருந்து சென்னை திரும்புவோர் இதை மறப்பதில்லை. கடற்கரையிலிருந்து நீலகிரி திரும்புவோர் எளிதில் மறந்துவிடுவர்.

தேர்வு எங்கே தொடங்குகிறது

இவ்வளவையும் கண்டபின், எந்தக் கணினியை வாங்குவது என்ற வினாவுக்கு வருவோம். நாம் கண்டவரை எந்தக் கணினியும் உடலுக்குள் இருக்கும் நைட்ரஜனை அளப்பதில்லை. அது அறிந்தவை ஆழம், நேரம், நீரின் வெப்பநிலை, மேற்பரப்பு அழுத்தம் ஆகியவையே. எஞ்சியவை கற்பனைப் பெட்டிகளின் கணக்கு. அணிந்தவரின் வயது, முந்தைய இரவின் தூக்கமின்மை, உடலின் நீர்வற்றல், நீரோட்டத்தை எதிர்த்து நீந்திய களைப்பு எதையும் அது அறியாது. ஆதலால் விலை உயர்ந்த கருவி பாதுகாப்பை விலைக்குத் தருவதில்லை. தம் அனுபவத்துக்கும் தேவைக்கும் இசைந்த கணக்கை, தமக்குப் புரியும் வகையில் காட்டும் கருவியே நல்ல கருவி.

புதிதாகப் பயின்றவர்க்கு வேண்டியவை சிலவே. ஆழம், கழிந்த நேரம், எஞ்சிய நேரம், ஏறும் வேகம் ஆகிய நான்கும் கலங்கிய நீரிலும் ஒரே பார்வையில் தெரிய வேண்டும். முன்னாளில் நிமிடத்துக்கு 18 மீட்டர் ஏறலாம் என்றிருந்தது. இன்று 9 அல்லது 10 மீட்டரே பரிந்துரை. வேகம் மீறினால் எச்சரிக்கும் ஒலியும், 5 மீட்டரில் மூன்று நிமிட நிறுத்தத்தை எண்ணிக் காட்டும் வசதியும் அவருக்குப் பெரிதும் உதவும். நடுநிலைமைக்கும் சற்று எச்சரிக்கையான பக்கம் சாயும் கணக்கே அவருக்கு ஏற்றது. பொத்தான்கள் குறைந்திருத்தல் நலம். குழம்பி நிற்கும் நொடியில் பட்டியல்களைத் தேடிக்கொண்டிருக்க இயலாது.

ஆண்டில் பலமுறை கடலுக்குச் செல்பவர், ஆக்சிஜன் மிகுந்த நைட்ராக்ஸ் கலவையை ஏற்கும் கருவியைத் தேட வேண்டும். 32 விழுக்காடு ஆக்சிஜன் கலவையில் நைட்ரஜன் குறைகிறது. ஆனால் ஏறத்தாழ 33 மீட்டருக்குக் கீழே ஆக்சிஜனே நஞ்சாகத் தொடங்கும். இரு எல்லைகளையும் ஒருங்கே காட்டாத கருவி அவருக்கு அரைக்கருவிதான். உருளையில் எஞ்சிய காற்றையும் திரையில் காட்டும் வசதி இனியது, கட்டாயமானதன்று. அழுத்தமானி ஒன்றைத் தனியே வைத்திருப்பவர் அதற்காகக் கடன்பட வேண்டியதில்லை. மூச்சடக்கி மூழ்குவோர்க்குத் தனி முறையுடைய கருவி வேண்டும். மேலே கழிக்கும் நேரத்தை அது கணக்கிட்டுக் காட்ட வேண்டும் என்பதற்குத் துவாமோத்துவே சான்று.

இடைநிறுத்தங்களோடு ஆழமாக மூழ்கும் தேர்ந்தோர், பல கலவைகளை ஏற்பதும், எச்சரிக்கை அளவைத் தாமே அமைக்க இடம் தருவதுமான கணினியை நாடுவர். அவர்களுக்கு வரலாறு தரும் எச்சரிக்கை ஒன்று உண்டு. மிக ஆழத்திலேயே முதல் நிறுத்தங்களைத் தொடங்குவது நல்லது என்ற கருத்து ஒரு காலத்தில் பரவியிருந்தது. அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுப் பிரிவு 2011இல் வெளியிட்ட அறிக்கையின்படி, ஆழ நிறுத்த முறையில் 198 மூழ்கல்களில் 11 பேருக்கும், ஆழங்குறைந்த நிறுத்த முறையில் 192 மூழ்கல்களில் 3 பேருக்கும் நோய் கண்டது. கணக்கு என்பது காலத்தோடு திருத்தப்படும் ஒன்று. ஆதலால் கருவிக்குள் எந்தக் கணக்கு இயங்குகிறது என்பதை வாங்குமுன் கேட்டறிவது தேர்ந்தவரின் கடமை.

எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி குந்தாவின் கேள்வி. இக்கருவி உயரத்தைத் தானே உணருமா, நாம் அமைக்க வேண்டுமா? சில கணினிகள் காற்றழுத்தத்தை அளந்து தாமே திருத்திக்கொள்ளும். சூன்டோ நிறுவனத்தின் பல மாதிரிகளில் 300 மீட்டர் வரை, 1500 மீட்டர் வரை, 3000 மீட்டர் வரை என்று மூன்று படிகளை அணிபவரே அமைக்க வேண்டும். குந்தா மூன்றாவது படியில் அமையும். கடலில் மட்டும் மூழ்குபவர்க்கு இது தேவையற்ற வசதியாகத் தோன்றலாம். இமயத்து ஏரியிலோ மலைநாட்டு நீர்த்தேக்கத்திலோ ஒருமுறை பணிக்காக இறங்க நேர்ந்தால், அந்த ஒருமுறைக்கு அதுவே உயிர்க்காப்பு. உயரத்துக்கு ஏறிய உடனே உடலில் கடற்கரையின் நைட்ரஜன் மிஞ்சியிருக்கும் என்பதால், மூழ்குமுன் 12 மணிநேரமாவது அங்கே தங்குவதும் விதி.

ஒருவர் கணினியை இருவர் பகிரலாகாது. இன்று காலை ஒருவர் மூழ்கிய கணினியை மாலையில் மற்றவர்க்கு இரவல் தரவும் கூடாது. அதன் நினைவில் இருப்பது அவரவர் உடலின் கணக்கு.

கருவி சேராத கைகள்

இறுதியாக ஒன்றைச் சொல்லாமல் இக்கட்டுரையை முடிக்க மனம் வரவில்லை. தூத்துக்குடியின் சங்குகுளித் தொழிலாளர்களுள் பலர், மூச்சடக்கும் பழைய முறையை விட்டு, படகிலுள்ள கம்ப்ரசரிலிருந்து குழாய் வழியே வரும் காற்றைச் சுவாசித்து மூழ்கத் தொடங்கினர். வடஇலங்கையில் கடலட்டை எடுப்போரும் உருளை கட்டி இறங்குகின்றனர். ஒரு மூச்சு தீர்ந்தால் மேலே வந்தே ஆகவேண்டும் என்ற இயற்கையின் எல்லையைக் குழாய் நீக்கிவிட்டது. அதற்கு மாற்றாக வரவேண்டிய கணக்கு மட்டும் அவர்களைப் போதிய அளவில் சென்றடையவில்லை. விடுமுறைக்கு மூழ்குபவர் மணிக்கட்டில் 16 திசுப்பெட்டிகள் எண்ணிக்கொண்டிருக்க, அன்றாடம் மூழ்கி உண்பவர் உடலே பெட்டியாக நின்று சோதிக்கப்படுகிறது.

எளிய கணினி ஒன்றும், அதைப் படிக்கத் தாய்மொழியில் ஒரு நாள் பயிற்சியும் அக்கைகளைச் சேர்ந்தால், முடக்குவாதத்தோடு கரையேறுவோர் எண்ணிக்கை குறையும் என்பதில் நமக்கு ஐயமில்லை. கருவி தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு உள்ளவர்கள் அதை அறிவோடு தேர்ந்தெடுக்கட்டும். அந்த வாய்ப்பு இல்லாதவர்களுக்கு அதைக் கொண்டுசேர்க்கும் வழியைப் பற்றியும் சற்றே எண்ணட்டும்.